கடிக்கும் நாய்க்குட்டி: வாசகர் கேள்விகளும் கால்நடை வைத்தியரின் பதில்களும்

கேள்வி: வைத்தியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசிக்கின்றோம். பிள்ளைகளின் விருப்பத்திற்காக வாங்கிய லபரடோர் குட்டிக்கு இப்போது 10 கிழமை வயது. 7 வயது மகன் பாடசாலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பாய்ந்து குதிக்காலைக் கவ்வுகிறது. மகளின் கைகளெல்லாம் கீறல்கள். என் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுக்கிறது. அவருக்கு நீரிழிவு இருப்பதால் எனக்குப் பயமாக உள்ளது. மூக்கில் இரண்டு அடி போட்டால் திருந்தும் என்று என் அண்ணா சொன்னார். அடித்தால் இன்னும் கூடுதலாகப் பாய்கிறது. இது கடிநாயாகவே வளர்ந்துவிடுமா? வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
வாசகி, வெள்ளவத்தை.

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பவற்றில் ஒன்றுகூட இந்தக் குட்டி கெட்ட குணமுடையது என்பதைக் காட்டவில்லை. 10 கிழமைக் குட்டி கடிக்கத்தான் செய்யும். அதற்குக் கைகள் இல்லை; ஒரு பொருள் மென்மையானதா கடினமானதா, அசையுமா அசையாதா, விளையாட வருமா வராதா என்பதையெல்லாம் வாயால் கவ்விப் பார்த்துத்தான் அது அறிகிறது. திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடித்தால் சில கிழமைகளிலேயே மாற்றத்தைக் காண்பீர்கள்.

குட்டியின் வாய்க்குள் இப்போது இருப்பவை பாற்பற்கள். மொத்தம் 28 பற்கள். மூன்றாம் கிழமையளவில் முளைக்கத் தொடங்குபவை. தாடையில் இன்னும் பலம் சேராத காரணத்தாலோ என்னவோ, இயற்கை இந்தப் பற்களை ஊசிபோலக் கூர்மையாக அமைத்திருக்கிறது. ஆகையால் குட்டி மெதுவாகக் கவ்வினாலும் தோலில் கீறல் விழுந்துவிடுகிறது. ஏறத்தாழ 4 மாத வயதில் இவை விழத் தொடங்கி, 6 அல்லது 7 மாதங்களாகும்போது 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் முரசு தினவெடுப்பதால் கடிக்கும் ஆசை கூடுமே தவிரக் குறையாது. நிரந்தரப் பற்களும் தாடைப் பலமும் வந்து சேர்வதற்கு முன்னரே தன் வாயை அடக்கிப் பயன்படுத்தக் குட்டி பழகிவிட வேண்டும் என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. உங்களுக்கு அதற்குப் போதிய காலம் இருக்கிறது.

இந்தப் பாடத்தைக் குட்டிக்கு முதலில் கற்பிப்பவை அதன் தாயும் கூடப்பிறந்த குட்டிகளும். ஒன்று மற்றதன் காதைப் பலமாகக் கடித்துவிட்டால், கடிபட்டது கத்திவிட்டு விலகிச் சென்றுவிடும். விளையாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். தாயும் முரட்டுத்தனமாகப் பால் குடிக்க வரும் குட்டியை விட்டு எழுந்துவிடும். இப்படிப் பலமுறை நடக்கும்போது, எவ்வளவு அழுத்திக் கடித்தால் விளையாட்டு நின்றுபோகிறது என்பதைக் குட்டி தெரிந்துகொள்கிறது. 8 கிழமை வரையிலாவது குட்டியைத் தாயிடம் விட்டுவைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 4 அல்லது 5 கிழமையிலேயே, கண்ணுக்கு அழகாக இருக்கும்போதே, குட்டிகளை விற்றுவிடுகிறார்கள். விற்பவர்கள் இதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். வாங்குபவர்களும் அத்தனை சிறிய குட்டியைக் கேட்டு வாங்கக் கூடாது.

தாய் விட்ட இடத்திலிருந்து இனி நீங்கள் தொடர வேண்டும். குட்டி கையைப் பலமாகக் கவ்வினால், கையைச் சட்டென்று இழுக்காதீர்கள். ஓடும் பொருளைத் துரத்திப் பிடிப்பது நாயின் இயல்பாதலால் இழுபடும் கை அதற்கு இன்னும் விருப்பமான விளையாட்டுப் பொருளாகிவிடும். கையைத் தளர்த்தி அசையாமல் வைத்து, சாதாரணக் குரலில் ஒரு சொல்லைச் சொல்லுங்கள். "போதும்" என்பது போன்ற எந்தச் சொல்லும் பொருந்தும், ஆனால் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். உடனே எழுந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், அல்லது ஒரு சிறு தடுப்புக்கு அப்பால் சென்றுவிடுங்கள். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் நீண்டால் எதற்காக விலகினீர்கள் என்பதைக் குட்டி மறந்துவிடும். பிறகு அமைதியாகத் திரும்பி வந்து, கைக்குப் பதிலாகக் கவ்வத்தக்க ஒரு பொருளைக் கொடுத்து விளையாட்டைத் தொடருங்கள். முதலில் வலிக்கும் கடிகளுக்கு மட்டும் இப்படிச் செய்து, கடி மென்மையான பிறகு மெதுவான கடிகளுக்கும் செய்து, கடைசியில் பல் தோலில் பட்டாலே விளையாட்டு நிற்கும் என்ற நிலைக்குப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். கடிபட்டதும் குட்டிகளைப் போலவே உரக்கக் கத்த வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சில குட்டிகள் அதைக் கேட்டுத் தயங்கும், வேறு சில மேலும் உற்சாகமடைந்து பாயும். உங்கள் குட்டி இரண்டாவது வகையாகத் தெரிவதால் கத்துவதைத் தவிருங்கள்.

வீட்டிலுள்ளோர் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டால் எந்தப் பயிற்சியும் பலன் தராது. நீங்கள் எழுந்து செல்கிறீர்கள், மகள் சிரித்துக்கொண்டு கையை நீட்டுகிறாள், உங்கள் அண்ணா அடிக்கிறார் என்றால், குட்டி எதைத்தான் கற்றுக்கொள்ளும்? இன்றே எல்லோரையும் இருத்திப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடித்த பிறகு அது கூடுதலாகப் பாய்வதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மூக்குக்கு நேரே வேகமாக வரும் கையை அது முரட்டு விளையாட்டுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. மற்றையது, அது பயந்துபோய்த் தன்னைக் காத்துக்கொள்ள முற்படுகிறது. இரண்டாவது காரணமே எனக்குக் கூடுதல் கவலை தருவது. மனிதக் கை நெருங்கினாலே வலி வரும் என்று பழகிய நாய், நாளைக்கு ஒரு பிள்ளை தடவிக்கொடுக்கக் கையை நீட்டும்போது கடித்துவிடக்கூடும். அப்போது அதன் வாயில் இருப்பவை பாற்பற்களாக இரா. குட்டியை மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடித்து "யார் தலைவன்" என்று காட்ட வேண்டும் என்ற அறிவுரையையும் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அந்தக் கருத்துக்கு வித்திட்டது, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை அவதானித்து ருடோல்ஃப் ஷென்கெல் என்பவர் 1947இல் வெளியிட்ட ஆய்வு. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பமே என்று டேவிட் மெக் என்ற ஆய்வாளர் 1999இல் விளக்கி எழுதிய பிறகு, ஓநாய்களைப் பற்றியே அந்தக் கருத்து நிற்கவில்லை. வீட்டுக் குட்டிக்கு அதைப் பொருத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

அடுத்து, தூக்கம். பல வீடுகளில் கவனிக்கப்படாமல் விடப்படும் விடயம் இதுவே என்பது என் அனுபவம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணித்தியாலங்கள் வரை தூங்க வேண்டும். பிள்ளைகள் வீடு திரும்பியது முதல் இரவுச் சாப்பாடு வரை ஆளுக்கு ஆள் தூக்குவதும் எழுப்புவதுமாக இருந்தால், களைத்துப்போன குட்டி படுத்துத் தூங்குவதற்குப் பதிலாக அறை முழுவதும் ஓடி, அகப்பட்டவர்களையெல்லாம் கடிக்கத் தொடங்கும். மாலை 6 மணிக்குப் பிறகு கடி கூடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். அப்படியானால் அதற்குத் தேவைப்படுவது பயிற்சியல்ல, உறக்கம். இருக்கை அறையின் ஒரு மூலையைச் சிறு வேலியால் அடைத்து, படுக்கையும் தண்ணீரும் வைத்து, ஒரு மணித்தியாலம் விழித்திருந்தால் அடுத்து அந்த இடத்தில் ஓய்வு என்று பழக்குங்கள். அங்கே படுத்திருக்கும் குட்டியை யாரும் தொடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கான கண்டிப்பான விதியாக இருக்கட்டும்.

கடிப்பதற்கு அதற்கென்று பொருட்கள் வேண்டும். குட்டி விழுங்க முடியாத அளவில் உறுதியான இறப்பர் விளையாட்டுப் பொருட்கள் நல்லவை. பழைய துவாயை நனைத்து முறுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்து நீங்கள் பார்த்திருக்கும்போது கடிக்கக் கொடுத்தால், தினவெடுக்கும் முரசுக்குக் குளிர்ச்சி இதமாக இருக்கும். குளிர வைத்த பெரிய கரட்டும் கொடுக்கலாம். பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள்; பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் அதையும் கொடுக்கக் கூடாது.

மகனுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். குட்டி பாயும்போது ஓடுவதும் கத்துவதும் அதைத் துரத்தத் தூண்டும். அதற்குப் பதிலாகக் கைகளை நெஞ்சோடு மடித்து, கீழே பார்த்துக்கொண்டு மரம்போல அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் நீங்கள் கூட நின்று பழக்கினால் அவனுக்கு அது கைவந்துவிடும். பாடசாலையால் வரும் நேரத்தில், கதவைத் திறப்பதற்கு முன்னர் குட்டியைத் தடுப்புக்குள் விட்டு, அதன் உணவில் ஒரு கைப்பிடியை நிலத்தில் சிதறிப் போடுங்கள். அது மணம் பிடித்துப் பொறுக்கிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மகன் சப்பாத்தைக் கழற்றி, கைகால் கழுவி வந்துவிடலாம். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் சிறுபிள்ளையையும் நாயையும் ஓரிடத்தில் விட்டுச் செல்லவே கூடாது. இது குட்டி வளர்ந்து சாதுவான பிறகும் பொருந்தும்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரியானது. முதியவர்களின் தோல் எளிதில் கிழியும், நீரிழிவு இருந்தால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமி தொற்றும் அபாயமும் கூடும். குட்டி பழகும்வரை அவர் நடமாடும் நேரங்களில் அதற்கு மெல்லிய வாரைக் கட்டி உங்கள் கைக்குள் வைத்திருங்கள். அவர் நாற்காலியில் அமர்ந்து, குட்டி நான்கு கால்களும் நிலத்தில் இருக்க அமைதியாக நிற்கும்போது மட்டும் ஒரு துண்டு உணவைக் கொடுக்கட்டும். சேலைத் தொங்கலைவிட அவருடைய கையிலிருந்து வருவதே நல்லது என்பதை அது விரைவில் கண்டுகொள்ளும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 3ஆம் கிழமையிலிருந்து ஏறத்தாழ 14ஆம் கிழமை வரையான காலத்தில் குட்டி எவற்றையெல்லாம் பயமின்றிக் கண்டு கேட்டுப் பழகுகிறதோ அவற்றோடுதான் பிற்காலத்தில் இயல்பாக இருக்கும். வளர்ந்த நாய்கள் மனிதரைக் கடிப்பதற்குப் பெரும் காரணம் பயம். தடுப்பூசிகள் முடியாததால் குட்டியை வெளியே கொண்டு செல்லாமல் நான்கு சுவருக்குள்ளேயே வைத்திருப்பது கொழும்புத் தொடர்மாடிகளில் வழக்கமாகிவிட்டது. தெரு நாய்கள் நடமாடும் நிலத்தில் அதை இறக்கக் கூடாது என்பது உண்மை, ஆனால் கையில் ஏந்திக்கொண்டு செல்லத் தடையில்லை. காலி வீதியின் பஸ் இரைச்சல், முச்சக்கர வண்டிகள், கடற்கரையோரம் ஓடும் ரயில், தலைக்கவசம் அணிந்தவர்கள், குடை பிடித்தவர்கள், தாடி வைத்தவர்கள் எல்லோரையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். அது பதற்றப்பட்டால் இன்னும் தூரமாகச் சென்று நில்லுங்கள். தீபாவளி வெடிச் சத்தம் அதன் காதில் முதன்முறையாக விழுவதற்கு முன்னர் இந்த நகரத்தின் மற்றைய சத்தங்களோடாவது அது சிநேகமாகியிருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்குட்டி நாட்டு இனம், 5 மாதம். சாப்பிடும்போது யாராவது கிட்டப் போனால் உறுமுகிறது. அதன் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று அப்பா தினமும் பாதிச் சாப்பாட்டில் கோப்பையை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுப்பார். போன கிழமை தம்பி எலும்பை எடுக்கப் போனபோது கையில் கடித்து இரத்தம் வந்துவிட்டது. உறுமும்போதே அதட்டி அடக்கியிருக்க வேண்டுமா?
வாசகர், கொட்டாஞ்சேனை.

பதில்: தம்பியின் காயத்தை வைத்தியரிடம் காட்டினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. காட்டாவிட்டால் இதை வாசித்தவுடன் காட்டுங்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் விளக்கியுள்ளேன்.

இது மேலே சொன்ன விளையாட்டுக் கடி அன்று. விளையாடும் குட்டியின் உடல் தளர்ந்திருக்கும், முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி அழைக்கும், வாய் திறந்திருக்கும். தன் பொருளைக் காக்கும் குட்டியோ விறைத்துப் போய் நிற்கும், கோப்பையின் மேல் தலையைக் கவிழ்த்து அவசரமாக விழுங்கும், கடைக்கண்ணால், வெள்ளை விழி தெரியப் பார்க்கும், உதட்டை உயர்த்தும், பிறகுதான் உறுமும். உறுமல் என்பது கடிக்க விருப்பமில்லாத நாய் கடைசியாகத் தரும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் அப்படியே இருக்க எச்சரிக்கை மட்டும் இல்லாமற்போய், அடுத்த முறை சத்தமின்றிக் கடிக்கும் நாயை வளர்த்தவர்களாவீர்கள். ஆகவே அதட்டாமல் விட்டது நல்லதாயிற்று.

உங்கள் அப்பா நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தினமும் தட்டைப் பறித்தால் யாருக்கும் தட்டைக் காக்கத் தோன்றும். அதை இன்றோடு நிறுத்திவிட்டு மறுபக்கமாகத் தொடங்குங்கள். குட்டி சாப்பிடும்போது அது விறைக்காத தூரத்தில், எட்டடிக்கு அப்பால் என்றாலும் பரவாயில்லை, நடந்து போய்க்கொண்டே அதன் உணவைவிடச் சுவையான ஒன்றை, அவித்த கோழியிறைச்சித் துண்டு ஒன்றை, கோப்பைப் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் சென்றுவிடுங்கள். நாட்கள் செல்லச் செல்ல உங்கள் காலடி கேட்டதும் அது தலையை உயர்த்தி எதிர்பார்க்கத் தொடங்கும். அதன் பிறகே ஓர் அடி நெருங்க வேண்டும். வாயிலிருக்கும் பொருளை வாங்க வேண்டியிருந்தால் பறிக்காமல் பண்டமாற்றுச் செய்யுங்கள். இயன்றபோது வாங்கிய பொருளையும் திருப்பிக் கொடுங்கள். இந்தப் பயிற்சி பெரியவர்களுக்கு மட்டுமே உரியது. தம்பி இதில் பங்கெடுக்கக் கூடாது, குட்டி தனியறையில் கதவைச் சாத்திய நிலையிலேயே சாப்பிட வேண்டும், எலும்பு கொடுப்பதைச் சில மாதங்களுக்கு அடியோடு விட்டுவிட வேண்டும்.

ஒரு கால்நடை வைத்தியரிடம் குட்டியின் வாயையும் காதுகளையும் காட்டுவதும் அவசியம். 5 மாதத்தில் பாற்பல் விழாமலே பக்கத்தில் புதிய பல் முளைத்து நோவு கொடுப்பதுண்டு; நோவுள்ள குட்டி எளிதில் சினக்கும். இரண்டு மூன்று கிழமைப் பயிற்சிக்குப் பிறகும் விறைப்புக் குறையாவிட்டாலோ, உணவில்லாத வேளைகளிலும் கடிக்க வந்தாலோ, அந்த வைத்தியர் மூலம் நாய்களின் நடத்தையில் அனுபவமுள்ள ஒருவரை அணுகுங்கள்.

கேள்வி: வீதியில் தனியாக நின்ற, ஏறத்தாழ 2 மாதக் குட்டியொன்றை எடுத்து வந்து வளர்க்கிறோம். நேற்று அயல்வீட்டுச் சிறுமியின் விரலைக் கடித்துவிட்டது. சிறிய கீறல்தான். மஞ்சள் பூசிவிட்டார்கள். குட்டி நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறது. இவ்வளவு சின்னக் குட்டிக்கு விசர் இருக்காதுதானே? ஊசி போட வேண்டுமா?
வாசகி, மட்டக்குளி.

பதில்: இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இவருக்குத் தனியாகப் பதில் அனுப்பப்பட்டது. இதே சந்தேகம் பலருக்கும் இருப்பதால் இங்கும் தருகிறோம்.

சின்னக் குட்டிக்கும் விசர்நாய்க்கடி நோய் வரும். தாய் எது, அதற்குத் தடுப்பூசி போடப்பட்டதா, குட்டியை வேறு ஏதேனும் விலங்கு கடித்ததா என்ற எதுவும் தெரியாத வீதிக் குட்டியின் கடியைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. நோயின் அறிகுறிகள் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்னரே நாயின் உமிழ்நீரில் வைரசு வந்துவிடும் என்பதால், இன்று விளையாடுகிறது என்பது முழுமையான உத்தரவாதமன்று. காயத்தின் அளவைப் பார்த்தும் முடிவெடுக்கக் கூடாது. வைரசு நரம்புகளின் வழியே மூளையை நோக்கிச் செல்கிறது. விரல்களில் நரம்பு முனைகள் நிறைந்திருப்பதால் விரலில் பட்ட கீறல் சிறியதாயினும் பாரதூரமானது. மனிதரில் பெரும்பாலும் 1 முதல் 3 மாதங்களுக்குள் வெளிப்படும் இந்த நோய், அறிகுறிகள் தொடங்கிய பின் ஏறக்குறைய எப்போதும் மரணத்திலேயே முடிகிறது. ஆனால் அதற்கு முன்னர் உரிய சிகிச்சை பெற்றால் முற்றாகத் தடுக்கலாம்.

முதற்காரியம், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவுவது. பூசிய மஞ்சளையும் கழுவி அகற்றுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. இறுகக் கட்டவும் கூடாது. கடித்து ஒரு நாள் சென்றுவிட்டாலும் கழுவத்தான் வேண்டும். பிறகு தாமதியாமல் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளையாதலால் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும், பெரியவர்களானால் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கும் செல்லலாம். அரச வைத்தியசாலைகளில் இதற்கான தடுப்பூசி இலவசம். எத்தனை ஊசி, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புச் சீரம் தேவையா, ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமா என்பவற்றை அங்குள்ள வைத்தியர் தீர்மானிப்பார். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை இன்று பெருமளவு குறைந்திருப்பதற்கு நாய்களுக்கான தடுப்பூசியும் கடிபட்டவர்களுக்கான இந்தச் சிகிச்சையுமே காரணம். இறப்பவர்கள் பெரும்பாலும் வைத்தியசாலைக்குப் போகாமல் விட்டவர்கள் என்பதை எண்ணும்போது மனம் மிகவும் வருந்துகிறது.

குட்டியைத் துரத்திவிடவோ கொல்லவோ வேண்டாம். அது கண்முன்னே இருப்பதுதான் சிறுமிக்குப் பாதுகாப்பு. கடித்த நாளிலிருந்து 14 நாட்கள் வீட்டுக்குள்ளேயே, மற்றைய விலங்குகள் அணுகாதவாறு கட்டிவைத்து உணவும் நீரும் கொடுத்துக் கவனியுங்கள். சாப்பிடாமல் ஒதுங்குதல், குரல் மாறுதல், விழுங்க முடியாமல் எச்சில் வடிதல், நடை தள்ளாடுதல், காரணமின்றிக் கண்டதையெல்லாம் கடித்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், குட்டி காணாமற்போனாலும், இறந்தாலும், சிறுமிக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியருக்கும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவியுங்கள். இறந்துவிட்டால் புதைத்துவிடாதீர்கள், வெறுங்கையால் தொடாமல் பொலித்தீன் பையிலிட்டு ஐஸ் கட்டிகளின் நடுவே வைத்தால், பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் மூளையைப் பரிசோதித்து நோய் இருந்ததா என்று கண்டறிய இயலும். கண்காணிப்புக் காலம் முடியட்டும் என்று சிறுமியின் ஊசியைத் தள்ளிப்போடுவதா இல்லையா என்பதை நீங்களோ அயலவரோ முடிவு செய்யக் கூடாது.

14 நாட்களும் குட்டி நலமாக இருந்தால், அதைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்று தடுப்பூசிகளைத் தொடங்குங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை அதற்கு முன்னர் போட்டிருந்தாலும் 3 மாத வயதில் மீண்டும் போட வேண்டும். பின்னர் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போட்டு, அதற்கான அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் வசிப்பவர்கள் சபையின் கால்நடை வைத்தியப் பிரிவில் தடுப்பூசி பற்றியும் நாயைப் பதிவு செய்வது பற்றியும் விசாரிக்கலாம்.